புரியலைன்னா ஒரு மிஸ்டு கால்

லூர்து டீச்சர் தொண்டையைக் கனைக்கிறார். இனிமேல் பாடம். மூக்குக்குள்ளேயே சிரித்து அடக்குகிற மாதிரி ஒரு சின்னக் கனைப்பு, அது வந்துவிட்டால் மதியப் பாட்டு முடிந்தது என்று அர்த்தம், நான் போன் ரேடியோவின் ஒயரை இடது காதில் மட்டும் சொருகிக்கொள்கிறேன், வலது காது பாப்பாவுக்கு வேண்டும். பாப்பா தூளியில் கிடக்கிறாள், தூளிக் கயிறு என் கால் கட்டைவிரலில், மடியில் பனியன் கட்டு, கையில் சின்னக் கத்திரி, தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறை நறுக்கிக்கொண்டே கேட்க வேண்டும். ஒரே அறை. சுவரோரம் பாயில் மாமா, என் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவது, ராத்திரி ஷிப்டு முடித்து வந்து குளித்துச் சாப்பிட்டு அப்படியே விழுந்தவர். ஃபேன் சத்தம் அவருக்குத் தாலாட்டு, மனுசர் சத்தம் கேட்டால் மட்டும் நெற்றி சுருங்கும். அதனால் இந்த நேரத்தில் நான் வாயே திறக்க மாட்டேன். மற்ற நேரத்தில் மட்டும் திறந்துவிடுகிறேனாக்கும். டீச்சர் வணக்கம் சொல்கிறார், நான் உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்துகிறேன். முதல் நாள் எழுந்தே நின்றுவிட்டேன். ரேடியோவுக்கு யாராவது எழுந்து நிற்பார்களா, பாப்பா அப்போது இடுப்பில், அவளோடு சேர்ந்து நின்றேன், உட்காருங்க என்று டீச்சர் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும், எப்போது உட்காரலாம் என்று தெரியாமல் பாடம் பாதி போகும்வரை நின்றேன். பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பட்டன் போன்தான், அதில் யார் முகமும் தெரியாது, என் முகமும் போகாது. தெரியும். தெரிந்தும் திருப்பி வைக்கிறேன். டீச்சர் எதிரில் எப்படி மாராப்பை விலக்குவது.

இன்றைக்கு அந்தக் குரலில் ஒரு விறைப்பு இருக்கிறது. கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்ட குரல். நம்ம ரூம்ல இன்னிக்கு ரெண்டு விருந்தாளிங்க உட்கார்ந்திருக்காங்க என்கிறார், போன வாரமே சொன்னதுதான். காலேஜ் ஒன்று தன் மாடியில் நடத்துகிற குட்டி ரேடியோ இது, ஊர் எல்லையைத் தாண்டினால் எடுக்காது. படிப்பை நடுவில் விட்டுவிட்டு எட்டாவது பரீட்சையைத் தனியாக எழுதப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு மதியத்தில் பாடம் வருகிறது. இதற்கு உதவி செய்கிற மேலிடத்துக்காரர்களுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டதாம். யாராவது கேட்கிறார்களா, கேட்டாலும் இது ஒரு படிப்பா. அவர்களில் ரெண்டு பேர் இன்றைக்கு வந்து பார்ப்பார்கள், திருப்தி என்றால் நடக்கும், இல்லையென்றால் ரேடியோப் பாடத்தை நிறுத்திவிட்டு, முடிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலேஜுக்கு வந்து பெஞ்சில் உட்காரட்டும், முடியாதவர்கள் பெரிய போனில் முகம் காட்டிப் படிக்கட்டும் என்று விடுவார்கள். டீச்சர் இதை ஒளிக்காமல் எங்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இந்தக் காம்பவுண்டில் தண்ணீர் விடுகிற நாள், பாப்பாவை எங்கே விடுவது, அதெல்லாம்கூட எப்படியாவது செய்துவிடலாம். பெஞ்சுதான். பெஞ்சில் உட்கார மட்டும் என்னால் ஆகாது. நிறுத்திவிட்டால் எனக்கு எட்டாவது இல்லை, எட்டாவது இல்லையென்றால் பத்தாவது இல்லை, நான் பிசிறு வெட்டிக்கொண்டே இருப்பேன், அதுவும் ஒன்றும் கேவலம் இல்லை, ஆனால் இந்த மதியம் இருக்காது. எனக்கென்று இருக்கிறது இந்த மதியம் ஒன்றுதான்.

டீச்சர் மேசையில் ரெண்டாவது போன் ஒன்று இருக்கிறது. பாடம் நடக்கும்போது எந்த இடத்திலாவது புரியவில்லையென்றால் அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். பேச வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். டீச்சர் உடனே நிறுத்துவார். ஒருத்தருக்குப் புரியலை, நல்லதாப் போச்சு, நானும் வேகமாத்தான் போயிட்டிருந்தேன் என்று மறுபடியும் முதலிலிருந்து வருவார். முகம் சுளிக்கிற சத்தம் எனக்கு நன்றாகவே தெரியும், எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், டீச்சர் குரலில் அது ஒரு நாளும் வந்ததில்லை. எந்த வீட்டுக்காரியோ, எந்த மில்லில் சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்கிற பெண்ணோ, யாரென்று தெரியாத ஒருத்திக்காக அவர் சலிக்காமல் திரும்ப நடந்து வருவார். அந்தப் போனில் சைக்கிள் பெல் சத்தம் வைத்திருக்கிறார், ரேடியோவில் எங்களுக்கும் கேட்கும், டிரிங் என்று ஒரே ஒரு தரம். நான் கட்டைவிரலை வைத்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேறு யாரோ முந்திக்கொண்டு டிரிங் என்று அடித்துவிட்டால், அடடா, அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வரும், நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன். எல்லார் மணியும் எனக்குக் கேட்கும், என் மணியை மட்டும் நான் கேட்டதே இல்லை. நான் நம்பரை அமுக்கியதும் என் போனில் ரேடியோ நின்றுவிடும், வைத்ததும் தானாகத் திரும்பி வரும், வரும்போது டீச்சர் ஏற்கனவே திரும்பச் சொல்ல ஆரம்பித்திருப்பார். அந்த ஏற்பாடு அவ்வளவு அழகு. யார் கண்டுபிடித்தார்களோ, டீச்சராகத்தான் இருக்கும், அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு மட்டும் அது வேறு. இன்றைக்கு மிஸ்டு கால் கொடுக்கிறவர்களை டீச்சர் திருப்பிக் கூப்பிடுவார். எடுத்துப் பேச வேண்டும், பேசுவது ரேடியோவிலேயே எல்லாருக்கும் கேட்கும். பயந்துக்காதீங்க, ரெண்டு வார்த்தை போதும், நீங்கன்னு ஒருத்தர் அங்க இருக்கீங்கன்னு இவங்களுக்குத் தெரிஞ்சா போதும் என்கிறார். கயிறு கட்டைவிரலிலிருந்து நழுவிவிட்டது, மாட்டிக்கொள்கிறேன்.

ரெண்டு வார்த்தை. என்ன ரெண்டு வார்த்தை என்று எனக்குத் தெரியும், புரியலைங்க டீச்சர், அதுதானே. அதைச் சத்தமாக நான் சொன்னதே இல்லை. மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் வருகிறது, தொண்டைக்கு வரும்போது வேறு வார்த்தையாக மாறிவிடுகிறது. தாராபுரம் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சார் பாடம் நடத்தி முடித்ததும் புரிஞ்சுதா என்பார், நாங்கள் எல்லாரும் ஒரே ராகத்தில் புரிஞ்ச்சுதுங்ங்க சார் என்று இழுப்போம். அது பதில் இல்லை, மணி அடித்ததும் பை எடுக்கிற மாதிரி ஒரு பழக்கம். புரியலைங்க சார் என்பதற்கு ராகமே கிடையாது, அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒருத்தி தனியாகச் சொல்ல வேண்டும், எல்லார் தலையும் திரும்பும். ஒருத்தரும் சொன்னதில்லை. அத்தனை பேருக்கும் அத்தனை பாடமும் புரிந்துவிட்டது, பரீட்சையில் அத்தனை பேரும் முட்டை வாங்கினோம். என் பெயரை வைத்து வேறு கிண்டல், கோகிலவாணியாம், குயில் வாயைத் தைச்சு வெச்சிருக்குது என்று பிரபாகர் சார் சொல்வார், வகுப்பே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன், அதுதான் பாதுகாப்பு. அப்புறம் அப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் வேலை கிடைத்து நாங்கள் பண்ணைக்குள்ளேயே குடி போனோம், பள்ளிக்கூடம் பஸ் ஏறிப் போகிற தூரத்துக்கு ஆகிவிட்டது, ஏழாவதோடு நின்றது. நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் யாரும் புரிஞ்சுதா என்று கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் கேட்டார்கள், எல்லா இடத்திலும் கேட்டார்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் நர்சம்மா எந்த மருந்து எப்போது என்று கடகடவென்று சொல்லிவிட்டு, புரிஞ்சுதாம்மா என்றார், என் வாய் புரிஞ்சுதுங்க என்று தானாகச் சொன்னது. அப்புறம் வெளியே போகாமல் தூணுக்குப் பக்கத்தில் நின்று, அடுத்து ஒரு அம்மாவுக்கு அதையே சொல்லும்போது காது கொடுத்துக் கேட்டேன், அவளும் புரிஞ்சுதுங்க என்றாள், அதற்கடுத்தவளுக்குச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கேட்டேன். அப்போது எனக்கு லூர்து டீச்சரைத் தெரியாது. தூணுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்களுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதென்று யார் நினைத்திருப்பார்கள்.

பாடம் ஆரம்பித்துவிட்டது, கவனிக்க வேண்டும். மைனஸ் எண்கள். போன பாடத்தில் கூட்டல் வந்தது, இன்றைக்குப் பெருக்கல். டீச்சரிடம் கரும்பலகை கிடையாது, எல்லாவற்றையும் எங்களுக்குள்ளேயே வரைய வைப்பார். கண்ணை மூடிக்கோங்க, உங்க வீட்டு வாசல்ல நில்லுங்க, வாசல்தான் பூஜ்யம், கிழக்க ரோடு, மேற்க ரோடு. நான் கண்ணை மூட முடியாது, கத்திரி பனியனில் ஏறிவிடும், ஆனால் நிற்கிறேன். காம்பவுண்டு கேட்டில் நிற்கிறேன். கிழக்கே போனால் மளிகைக் கடை, டீ பேக்கரி, பஸ் நிறுத்தம், அதெல்லாம் ப்ளஸ். மேற்கே போனால் சாக்கடைப் பாலம், சாயப்பட்டறைச் சுவர், அதெல்லாம் மைனஸ். இந்த மாதிரி ஒரு டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை, என் வீட்டு வாசலில் என்னை நிற்க வைத்து, என் ரோட்டையே கரும்பலகையாக்கி. சொம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துத் தரையில் விரலால் கோடு இழுக்கிறேன், நடுவில் ஒரு வட்டம். மைனஸ்னா என்ன, மேற்க பார்த்துத் திரும்பி நில்லுங்க என்கிறார் டீச்சர். நிற்கிறேன். ரெண்டு தடவை மூணு மூணு அடி நடங்க, எங்க வந்தீங்க, மேற்குல ஆறாவது அடி, மைனஸ் ஆறு. வந்துவிட்டேன், பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், புரிகிறது, நாற்றம்கூட அடிக்கிறது. இப்ப மறுபடியும் வாசலுக்கு வாங்க, மேற்க பார்த்தே நில்லுங்க, ஆனா இன்னொரு மைனஸ் சேர்ந்துருச்சு, அதனால பின்னால நடங்க. மைனஸும் மைனஸும் பெருக்கினா ப்ளஸ். அவ்வளவுதான். பின்னாலேயா. முகம் மேற்கே இருக்கிறது, கால் பின்னால் போகிறது. ஏன் போக வேண்டும். ஒரு மைனஸ் என்னைத் திருப்பியது சரி, இன்னொரு மைனஸும் திருப்பத்தானே வேண்டும், அது ஏன் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பிடிக்கிறது. ரோட்டில் பின்னால் நடந்தால் காம்பவுண்டு ராஜாமணி அக்கா என்ன நினைப்பார். நான் பூஜ்யத்திலேயே நிற்கிறேன். டீச்சர் போய்க்கொண்டே இருக்கிறார், அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு, தரையில் கோடு காய்ந்துகொண்டிருக்கிறது. யாராவது அடியுங்களேன்.

ஒருவரும் அடிக்கவில்லை. எந்த நாளும் இந்த மாதிரி இடத்தில் டிரிங் டிரிங் என்று பறக்கும். டீச்சர் ஒரு மூச்சு நிறுத்துகிறார், காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது, வளையல் மேசையில் உரசுகிறது, தண்ணீர் குடிக்கிறார். டீச்சருக்கு நான் ஒரு முகம் கொடுத்து வைத்திருக்கிறேன், நல்ல கறுப்பு, அகல நெற்றி, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, உதட்டுக்கு மேல் வியர்வை. இப்போது அந்த முகம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னிக்கு எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சிருச்சாட்ட இருக்குதே என்கிறார். விளையாட்டாகச் சொல்வதைப் போல. புரிஞ்ச்சுதுங்ங்க டீச்சர். ஊர் முழுக்க, அறை அறையாக, மிஷின் மிஷினாக, நாங்கள் எல்லாரும் சத்தமே இல்லாமல் அதே ராகத்தை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

ராஜாமணி அக்கா எங்கள் வீட்டுக்காரம்மா, காம்பவுண்டில் ஆறு வீடும் அவருடையது, நல்லவர்தான், ஆனால் அவர் பேசினால் தெரு முனைவரை பாடம் நடக்கும். அவர் பையன் கவியரசு தபாலில் பி.காம் படித்துவிட்டுக் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான். அதனால் தூரத்துப் படிப்பு என்றாலே அக்காவுக்கு ஆகாது. ஏனம்மிணி, வாத்தியார் கண்ணு மேல படாம வர்ற படிப்பெல்லாம் ஒரு படிப்பா, சோத்தைப் போட்டோ புடிச்சு அனுப்பிச்சா வயிறு ரொம்புமா என்று குழாயடியில் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்து ரொம்ப நேரம் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நிரம்புதுங்க அக்கா. எனக்கு நிரம்புது. மாமா அப்படிக் கிண்டல் செய்ய மாட்டார், அவர் பன்னிரண்டாவது முடித்தவர், அவருக்கு வேறு நினைப்பு. இன்னும் கொஞ்ச நாள்ல டீச்சரே வேண்டாம் புள்ள, போனே சொல்லிக் குடுத்துரும், நீ என்ன கேட்டாலும் சொல்லும், ராத்திரி பகல் கிடையாது, அது மனுசனே இல்ல என்கிறார். அவர் மில்லில் ஒரு பையன் அதனிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறானாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பயம் இல்லை, ஆச்சரியம்தான். மனுசன் இல்லாத ஒன்றிடம் புரியலை என்று சொல்ல வெட்கமே இருக்காதே, ஆயிரம் தடவை சொல்லலாமே. பாப்பா படிக்கிற காலத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் போல, தூளியில் படுத்தபடியே உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு குரல் அவளுக்கென்று மட்டும் வந்து, அவள் முழிப்பதைப் பார்த்தே இன்னொரு தடவை சொல்லும். நல்லதுதான். அது வரட்டும். ஆனால் பின்னங்கள் நடத்தியபோது நான் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு வந்தால் டீச்சர், எனக்கும் சின்ன வயசுல இது மண்டையில ஏறல, மாதா கோயில்ல போயி அழுதிருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அந்த மிஷின் எந்தக் கோயிலில் போய் அழுதிருக்கும். முகம் காட்டிப் படிக்கிறதுதான் எனக்கு ஒப்பவில்லை. பெரிய போனில் எல்லார் முகமும் கட்டம் கட்டமாகத் தெரியுமாம், பெஞ்சையே பிடித்து உள்ளே வைத்த மாதிரி. அதில் என் கட்டமும் ஒன்று இருக்கும். என் கட்டம் தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

ரேடியோவில் ஒரு ஆம்பிளைக் குரல். மைக்குக்குத் தள்ளியிருந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசுகிற குரல். யாருமே கேக்கலையோ என்னமோ டீச்சர். ஏளனம் இல்லை, அதுதான் வலிக்கிறது, பரிதாபமாகச் சொல்கிறார், பந்தி போட்டு யாரும் வராத வீட்டில் சொல்கிற மாதிரி. கேப்பாங்க சார் என்கிறார் டீச்சர், ரொம்பச் சின்னதாக, கஞ்சியெல்லாம் கலைந்து போன குரலில், கேக்கறவங்கதான் சார். நான் இங்கே இருக்கிறேனே. டீச்சர், நான் இங்கே இருக்கிறேன், பூஜ்யத்தில் நிற்கிறேன், காது ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சொன்னால் கேட்குமா. கத்திரியைக் கீழே வைக்கிறேன். நம்பர் கட்டைவிரலுக்குத் தெரியும், பார்க்கவே வேண்டாம். அமுக்கினால் டீச்சர் போன் திரும்பி வரும், வந்தால் பேச வேண்டும், பேசினால் மாமா எழுந்துகொள்வார், வெளியே போய்ப் பேசலாமென்றால் குழாயடியில் ராஜாமணி அக்கா துணி அலசுகிற சத்தம் கேட்கிறது, போனவாரம் போட்டோச் சோறு என்றவர். பாப்பா எழுந்துவிட்டால். நான் பேசத் தெரியாமல் பேசி டீச்சர் மானம் போய்விட்டால். இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு நாளா என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க என்று அந்த ஆள் கேட்டுவிட்டால். வேறு யாராவது அடிப்பார்கள், அந்த இன்னொருத்தி, எப்போதும் எனக்கு முன்னால் அடிக்கிறவள், அவள் தைரியசாலி. அவளும் இப்போது என்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாளோ. அவளுக்கு நான்தான் தைரியசாலியோ. டீச்சர் பாடத்தை மூடப் போகிறார், குரல் இறங்குகிறது, சரிங்க, இன்னிக்கு இத்தோட என்று ஆரம்பித்துவிட்டார். விரல் அமுக்கிவிட்டது. நான் அமுக்கவில்லை, விரல்தான். காதில் ரேடியோ செத்துப் போகிறது. ஒரு மணி. வைத்துவிட்டேன்.

போன் மடியில் அதிர்கிறது. பனியன் கட்டுக்கு மேல் வண்டு மாதிரி நகர்கிறது. எடுக்கிறேன், பச்சைப் பட்டன்.

"வணக்கம்மா, லூர்து டீச்சர் பேசறேன். யாரு பேசறீங்க?"

அதே குரல்தான், ஆனால் பக்கத்தில், முடியைத் தொடுகிற பக்கத்தில். இத்தனை நாள் ஊருக்கே பேசிய குரல், இப்போது என் காதுக்கு மட்டும், இல்லை, எல்லாருக்கும் கேட்கிறது, நினைக்காதே. லைன்ல இருக்கீங்களாம்மா என்கிறார். இருக்கறேனுங்க என்கிறேன். அது யார் குரல், கரகரவென்று, என் குரலா. மாமா புரண்டு படுக்கிறார். பேர் கேட்கிறார். கோகிலவாணிங்க. அழகான பேரு, சொல்லுங்க கோகிலவாணி என்கிறார் டீச்சர், சிரிக்கவில்லை, அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை யாருமே சிரிக்காமல் இருந்ததில்லை. தொண்டையில் அந்த ராகம் வந்து நிற்கிறது, புரிஞ்ச்சு என்று வந்துவிட்டது, பிடித்து விழுங்குகிறேன்.

"புரியலைங்க டீச்சர்."

கூரை விழவில்லை. சொன்ன பிறகு நாக்கு லேசாக இருக்கிறது. எந்த இடம்மா என்று டீச்சர் கேட்கிறார், பின்னால நடக்கற இடமுங்க, முகத்தைத் திருப்பாம காலை மட்டும் ஏனுங்க திருப்பணும் என்று சொல்லிவிட்டேன், அடுத்த வார்த்தையும் அதுவாகவே வந்துவிட்டது. தூளியில் பாப்பா நெளிகிறாள், அம்மா இந்த நேரத்தில் பேசி அவள் கேட்டதில்லை, சிணுங்குகிறாள், கயிறு எங்கே, கட்டைவிரலில் இல்லை, எப்போதோ நழுவிவிட்டது. அப்போது அந்த ஆம்பிளைக் குரல் உள்ளே வருகிறது. அம்மா, நான் பாக்க வந்தவன் பேசறேன், கோவிச்சுக்காதீங்க, இதே பாடத்தை நீங்க நேர்ல வந்து உட்கார்ந்து கேட்டா இன்னும் நல்லாப் புரியுமில்லீங்களா என்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிற மாதிரி இருக்கிறது. யோசிக்கிறேன். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை, யோசித்துச் சொல்ல வேண்டும். பெஞ்சில் என்னை உட்கார வைத்துப் பார்க்கிறேன், முன்னால் டீச்சர், நான் கொடுத்த முகத்தோடு, அகல நெற்றியோடு, அன்பாக என்னைப் பார்த்து, புரிஞ்சுதா கண்ணு என்கிறார்.

"நேர்ல வந்தா, புரிஞ்சுதுன்னு சொல்லிப் போடுவேனுங்க."

தப்பாகச் சொல்லிவிட்டேனா. அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சென்கிறது. பாப்பா வாயைத் திறந்து அழப் போகிறாள், நான் எட்டிக் கயிற்றைத் தேடுகிறேன், அதற்குள் பாயிலிருந்து ஒரு கை நீண்டு கயிற்றைப் பிடிக்கிறது. மாமா. கண் மூடித்தான் இருக்கிறது, நெற்றி சுருங்கவில்லை, கை மட்டும் மெதுவாக ஆட்டுகிறது. எப்போதிலிருந்து முழித்திருக்கிறாரோ. வெளியே துணி அலசுகிற சத்தமும் நின்றிருக்கிறது. எல்லாரும் கேட்டிருப்பார்கள், கேட்கட்டும், இல்லை, ஐயோ, கேட்கட்டும். டீச்சர் மெதுவாக, நல்லா சொன்னீங்கம்மா, போனை வெச்சுட்டு ரேடியோவைக் கேளுங்க, உங்களை வாசல்லயே நிக்க வெச்சுட்டு நான் எங்கயும் போக மாட்டேன் என்கிறார். சரிங்க என்கிறேன். வைக்கிறேன். ரேடியோ எப்போதும் உடனே திரும்பி வரும், இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்.

வருகிறது. டீச்சர் குரல் இல்லை. டிரிங். யாரோ வைக்கிறார்கள். டிரிங். என் போன் கெட்டுவிட்டதோ என்று காது ஒயரைத் திருகிப் பார்க்கிறேன். டிரிங், டிரிங், ஒன்று வைப்பதற்குள் இன்னொன்று, டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், முடியவில்லை, டிரிங், அந்த மேசையிலிருந்து சைக்கிள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தெருவுக்குள் இறங்கிய மாதிரி. திருப்பிக் கூப்பிடுவார் என்று தெரிந்தும் அடிக்கிறார்கள். பேச வேண்டி வரும் என்று தெரிந்தே அடிக்கிறார்கள். என்னங்க டீச்சர் இது, என்னவாம் இவங்களுக்கெல்லாம் என்று அந்த ஆள் கேட்கிறார், மணிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி.

"புரியலையாமுங்க சார்" என்கிறார் லூர்து டீச்சர், பரிசு வாங்கின பிள்ளை சொல்கிற மாதிரி, "ஒருத்தருக்குக்கூடப் புரியலையாம்."